ஹீட்டருக்கும் புள்ளடி

எழுபதுகளில் புத்தம் புது அமெரிக்கன் காருக்கு ஓடர் படிவம் நிரப்பினவள் நான் என்று சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஒன்றல்ல, இரண்டு படிவம். முதலாவது ஒரு வெள்ளைக்காரனுக்கு. இரண்டாவது என்னைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் கம்பனிக் கந்தோரில் தட்டெழுத்துக்காரி. ஓர்ஸ் ஹில்லில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து கால்நடையாகவே இறங்கிப் போய்விடுவேன். மாவு ஏற்றிக்கொண்டு ஒரு அமெரிக்கக் கப்பல் வந்து நின்றது. அதில் ரேடியோ வேலை பார்த்த மனிசன் ஒருநாள் ஒரு கட்டலொக்கும் இரண்டு படிவமும் தூக்கிக்கொண்டு கந்தோருக்குள் வந்தான். ஊருக்குத் திரும்பும்போது வாசலில் புதுக் கார் நிற்க வேண்டுமாம். அவனுடைய எழுத்து கோழி கிளறின மாதிரி இருந்ததால், என்னைத் தட்டித் தரச் சொன்னான்.

மூன்று நாள் வந்தான். ஒரு காரை வாங்க மூன்று நாளா என்று கேட்காதீர்கள். சீட்டுக்கு மட்டும் ஏழு நிறம். கூரைக்கு மேல் வினைல் போர்த்துவதா, சும்மா விடுவதா? கண்ணாடியைக் கையால் சுற்றி இறக்குவதா, பட்டனை அமத்தி இறக்குவதா? டயரில் வெள்ளை வளையம் வேண்டுமா? மணிக்கூடு வேண்டுமா? எங்கள் ஊரில் அந்த நாட்களில் பேக்கரி வாசலில் பாணுக்கு விடியவே வரிசையில் நிற்க வேண்டும். கிடைத்ததை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு வரவேண்டும். இந்த மனிசனோ குந்தியிருக்கிற சீட்டுக்கு நிறம் தேடிக்கொண்டிருந்தான். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, ஆசையாகவும் இருந்தது.

கடைசியில் காரின் நிறத்தில் வந்து முட்டுப்பட்டு நின்றான். "உனக்கு என்றால் எந்த நிறம் எடுப்பாய்?" என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டான். நான் தடுமாறிப்போனேன். அதுவரைக்கும் என்னிடம் யார் அப்படிக் கேட்டார்கள்? என் சீலையைக்கூட அம்மாதான் தெரிந்தெடுப்பா. "கடும் நீலம்" என்றேன். அதையே போடச் சொன்னான். அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கிருந்த தலைக்கனத்தை என்னாலேயே தாங்க முடியவில்லை. அவன் விட்டுப்போன மிஞ்சின படிவத்தையும் கட்டலொக்கையும் கந்தோரில் என் மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டேன்.

அடுத்த மாதமே சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்குக் கொழும்பில் அரசாங்க உத்தியோகம். தகப்பன் இல்லை, தாயின் வாயில்தான் எல்லாம். அவ கேட்ட சீதனம் கார்.

"அதுவும் அமெரிக்கன் காராப் பாருங்கோ" என்று அப்பாவிடம் சொன்னா. "தகப்பன் ஹார்பரில, மகள் கப்பல் கந்தோரில. உங்களுக்கு ஒரு காரை இறக்கிறது பெரிய வேலையே?"

ஏதோ கப்பலெல்லாம் எங்கள் வளவுக்குள் கட்டிக் கிடக்கிற மாதிரி! அப்பா துறைமுகத்தில் களஞ்சியக்காரர். கப்பலில் வந்த ஒரு ஆணியைக்கூட அவர் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. ஆனால் அவர் ஏலாது என்று சொல்லவில்லை. இறக்குமதிக்குத் தடை இருந்த அந்தக் காலத்தில் பெர்மிட் எடுத்துத் தருவதாகப் புரோக்கர் ஒருவன் காதுக்குள் ஓதியிருந்தான். அதற்கு வீட்டை விற்க வேண்டும். வாங்குகிற ஆள் வந்து வளவைச் சங்கிலி பிடித்து அளந்துவிட்டும் போனான். அம்மா குசினிக்குள் இருந்து அழுதா. வீட்டை விற்றால் நீங்கள் எங்கே போவீர்கள் என்று கேட்டேன். இதற்கிடையில் மாப்பிள்ளை வீட்டார், கலியாணத்துக்குப் பிறகு நான் வேலையை விடவேண்டும் என்றும் சொல்லி அனுப்பியிருந்தார்கள், ஏதோ எனக்கு உபகாரம் செய்கிற மாதிரி.

எனக்கு விசர் பிடித்தது. லாச்சியைத் திறந்து படிவத்தையும் கட்டலொக்கையும் எடுத்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இன்னொரு அரைத்தாளில் மூன்று வரி தட்டினேன். எல்லாவற்றையும் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அந்தக் கிழமையே நாள் பார்க்கத் தாயும் மாப்பிள்ளையும் வந்தார்கள். நான் கார்ப் படிவத்தை மேசையில் விரித்தேன்.

"கார் கேட்டனீங்கள். என்ன மாதிரிக் கார் எண்டு தெரியாமல் எப்பிடி ஓடர் பண்ணிறது? விருப்பமானதுக்குப் பெட்டிக்குள்ள புள்ளடி போடுங்கோ."

வெட்கப்படுவார்கள் என்று நினைத்தேன். வெட்கமாவது, கிட்கமாவது! மாப்பிள்ளை கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு பேனையைத் திறந்தார்.

"வெள்ளை வளைய டயர்?" என்று வாசித்தேன்.

"ஓம்."

"ரேடியோ? ஏசி?"

"ஓம், ஓம். ரெண்டும்."

"ஹீட்டர்?"

"அது என்னது?"

"குளிருக்குக் காருக்குள்ள சூடு வரப் பண்ணிற மெசின்."

நல்ல வைகாசி வெயில். எல்லோருக்கும் வேர்த்து வடிந்துகொண்டிருந்தது. தாய் அந்தக் கட்டலொக்கால்தான் விசிறிக்கொண்டிருந்தா.

"வாற சாமானை ஏன் தம்பி விடவேணும்? போடு" என்றா.

ஹீட்டருக்கும் புள்ளடி விழுந்தது.

நிறத்துக்கு வந்ததும் இரண்டு பேருக்கும் சண்டை. மகனுக்குச் சிவப்பு, தாய்க்கு வெள்ளை. என் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. எங்கிருந்தோ வந்த அந்நியன் கேட்டான், என்னோடு வாழப்போகிறவர் கேட்கவில்லை. அரைத்தாளை எடுத்து அவருக்கு முன்னால் வைத்தேன்.

"இதையும் நிரப்புங்கோ."

மூன்றே மூன்று வரி, பக்கத்தில் மூன்று பெட்டி. கலியாணத்துக்குப் பிறகும் நான் வேலைக்குப் போவேன். வீட்டை விற்றபின் அப்பாவும் அம்மாவும் எங்களோடு இருப்பார்கள். ஒவ்வொரு நாளும் ஒரு தேத்தண்ணி அவர் எனக்கு ஊற்றித் தருவார்.

"என்ன பகிடியே இது?" என்றார் மாப்பிள்ளை.

"காருக்கு இவ்வளவு கேக்கலாமெண்டால், மாப்பிள்ளைக்கு மூண்டு கேக்கக் கூடாதோ?"

"வாய்க்கொழுப்பைப் பாருங்கோவன்!" என்று தாய் எழும்பினா. அம்மா என் கையைப் பிடித்து இழுத்து, "உள்ளுக்குப் போ பிள்ளை" என்று கெஞ்சினா. நான் அசையவில்லை.

அப்போதுதான் அப்பா பேசினார்.

"தம்பி, வீட்டை விக்கிறன் எண்டு சொல்லிப்போட்டன். நாளைக்கே எழுதிக் குடுப்பன். அந்த மூண்டில ஒண்டுக்குப் புள்ளடி போடுங்கோ. ஒரே ஒண்டுக்கு."

ஐயோ, தேத்தண்ணிக்குப் போட்டுவிட்டால்? போட்டுவிட்டு ஒருநாளும் ஊற்றாமல் விட்டால் யார் கேட்பது? வீடும் போய், வேலையும் போய், நான் தட்டின தாளே எனக்கு எமனாகிவிடும். அப்பா சொன்ன சொல்லை மாற்றுகிற ஆளும் இல்லை.

மாப்பிள்ளையின் கையில் பேனை திறந்தபடியே இருந்தது. காருக்கு ஒரு பெட்டி மிச்சம் விடாமல் போட்ட பேனை. அரைத்தாளைப் பார்த்தார். தாயைப் பார்த்தார். தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டா. அவர் பேனையை மூடினார்.

"இப்ப கார்க் கதையை முடிப்பம் மாமா. உதுகளைப் பிறகு பாப்பம்."

அப்பா கார்ப் படிவத்தை எடுத்து நாலாக மடித்தார். அதை மாப்பிள்ளையின் சட்டைப் பைக்குள் தானே வைத்துவிட்டார்.

"அப்ப நீங்களே ஓடர் பண்ணுங்கோ தம்பி. ஹீட்டரை மட்டும் மறந்திடாதேங்கோ."

வாய்க்காரி என்று அந்தத் தாய் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தா. ஓம், வாய்க்காரிதான். பென்சன் எடுக்கும்வரை அதே வாயோடுதான் வேலைக்குப் போனேன். இதை எழுதுவதும் அப்பா விற்காத அந்த வீட்டு விறாந்தையில் இருந்துதான்.