நான் அழித்த கோப்பு

ரேவதியின் உழைப்பைக் கெடுத்தவன் நான்தான். பொறாமையால் கெடுத்தேன். அதற்கு வேறு பெயர் தேடி அலுத்துவிட்டேன்.

திருச்செங்கோட்டில், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகளுக்குக் கட்டுப்பாட்டுக் கருவி செய்யும் சிறிய நிறுவனம் எங்களுடையது. இருவரும் ஒன்றாகத்தான் வேலையில் சேர்ந்தோம். ஆனால் சிக்கல் என்று வந்தால் முதலாளி அவள் முகத்தைத்தான் பார்ப்பார்... அந்த ஒரு பார்வை என்னை எப்படி எரித்தது தெரியுமா உங்களுக்கு?

கருவிக்குள் ஒரு சின்னக் கணினி உண்டு. அதன் நிரலில் ஒரு வரியை மாற்றுவதென்றாலும் அலுவலகத்துக்குத்தான் வரவேண்டும். நாம் எழுதுவதை எந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் அதில் இல்லை. கருவியிலேயே ஓடக்கூடிய கம்பைலர் ஒன்றை, வேறு வகைச் சிப் உள்ள அலுவலகக் கணினியில் உட்கார்ந்து உருவாக்கினாள் ரேவதி. மாதக்கணக்கில் போராடினாள். நான் முன்பு முயன்று தோற்ற வேலை அது!

அதைக் கருவியில் நிறுவும் பொறுப்பு எனக்கு வந்தது.

"நீங்களே ஏத்திருங்க. உங்க கைல குடுத்தா எனக்குக் கவலையில்லீங்க," என்றாள்.

நிறுவினேன். சோதித்தேன். பிசிறில்லாமல் ஓடியது. மகிழ்ந்திருக்க வேண்டாமா நான்? வயிறு எரிந்தது... கடைசி இணைப்புக்குத் தேவையான ஒரு சிறு கோப்பை அழித்தேன். அது இல்லாவிட்டாலும் கம்பைலர் மற்ற எல்லா வேலையையும் செய்யும். ஓடும் நிரலாக முடித்து மட்டும் தராது.

தம்மம்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் முதல் செயல்விளக்கம். ரிக் லாரியருகே முதலாளியும் லாரிக்காரரும் நின்றார்கள். ரேவதி நிரலைத் திருத்தி, கட்டளை கொடுத்தாள். பிழை. மறுபடியும் பிழை!

"ஏனுங்க ரேவதி, எல்லாம் முடிஞ்சுதுன்னீங்களே?" முதலாளி குரலை உயர்த்தக்கூட இல்லை.

"நான்தானுங்க எதையோ உட்டுட்டேன்..." அவள் மறுபடியும் முதல் வரியிலிருந்து பார்க்கத் தொடங்கினாள்.

அப்போதாவது வாய் திறந்தேனா? "கொஞ்சம் நகருங்க, பாக்கறேன்" என்று குனிந்தேன். தேடுவதுபோல் நடித்தேன். "ஒரு கோப்பு உட்டுப்போயிருக்குதுங்க," என்று சொல்லி, என் மடிக்கணினியிலிருந்து அந்தக் கோப்பைத் திரும்ப வைத்தேன். ஓடியது. முதலாளி என் தோளைத் தட்டினார்.

"நல்லவேளைங்க, நீங்க இருந்தீங்க," என்றாள் ரேவதி. கண் கலங்கியிருந்தது. அந்தக் கணம் எனக்கு... இனித்தது! அதையும் உங்களிடம் மறைக்கமாட்டேன்.

நிரல் எழுதும் பிரிவின் பொறுப்பு என்னிடம் வந்தது. அவளோ தன் கையையே நம்பாமல் போனாள். எழுதியதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பாள். எதையும் முடித்துவிட்டேன் என்று சொல்லத் துணியமாட்டாள். பிறகு விலகி, சேலத்தில் ஒரு கல்லூரியில் ஆசிரியையானாள்.

அண்மையில் மாணவர்களிடம் பேச என்னை அழைத்தாள். மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை... அல்லது, இன்னும் அந்தப் பாராட்டு வேண்டியிருந்ததோ?

"ஒரு தடவை முக்கியமான கோப்பு ஒண்ணை நான் உட்டுட்டேன். எல்லார் முன்னாடியும் தலைகுனிஞ்சு நின்னேன். அன்னைக்கு என்னைக் காப்பாத்தினவர் இவருதானுங்க," என்று என்னை அறிமுகப்படுத்தினாள்.

பிள்ளைகள் கைதட்டினார்கள். எழுந்து கும்பிட்டேன். ஒலிவாங்கி என் கையில் இருந்தது. நெடுநேரம் பேசினேன்.

அதை மட்டும் பேசவில்லை.