மலைமேல் கேட்ட முனகல்

என் மகளுக்கு ஒரு வயது முடிந்துவிட்டது. அவள் விளையாடிக்கொண்டிருக்கும்போது பின்னால் போய் மெல்லக் கை தட்டிப் பார்ப்பேன். திரும்பிவிடுவாள். காது நன்றாகத்தான் கேட்கிறது என்று திருப்பதி டாக்டர் சொல்லிவிட்டார். ஆனாலும் மறுநாள் தட்டிப் பார்ப்பேன். இது அதிகப்படி என்று எனக்கே தெரியும். அப்படித் தட்டும்போதெல்லாம், நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நகரியில் எங்கள் தெருவுக்கு விமானப்படைக்காரர்கள் வந்தது ஞாபகம் வரும்.

நைனா ஒரு பவர்லூம் கொட்டகையில் தறி ஓட்டினார். கரண்ட் போனால்தான் எங்கள் தெருவில் அமைதி. எல்லோரும் வெளியே வந்து நிற்பார்கள். அப்படி ஒரு சாயங்காலம் மலைக்கு மேலே ஒன்று வந்தது. கவிழ்த்த எவர்சில்வர் தட்டு மாதிரி இருந்தது. மெல்ல நகர்ந்தது, கொஞ்சம் நின்றது, பிறகு வடக்கே போய்விட்டது. கடற்கரையில் விடுகிற ராக்கெட் என்றார் ஒருவர். “ராக்கெட்டு நின்னு வேடிக்கை பாக்குமா?” என்று நைனா கேட்க, தெருவே சிரித்தது. அம்மா மட்டும் என் காதருகே, “இன்னாடி இது, மிக்ஸி ஓடற மாதிரி கீது” என்றாள். எனக்கும் அப்படித்தான் கேட்டது.

யாரோ செல்போனில் எடுத்த படம் தெலுங்கு டிவியில் வந்தது. சில நாள் கழித்து ஜீப் வந்தது. மீசை நரைத்த அதிகாரி ஒருவர், எழுதிக்கொள்ள இளைஞர் ஒருவர். கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு, முதலாளியே டீ வரவழைத்தார். தறிகளை நிறுத்திவிட்டு எல்லோரையும் வரிசையாகக் கேட்டார்கள். வடிவம், நிறம், போன திசை என்று எதைக் கேட்டாலும் ஆளுக்கொரு பதில். சத்தம் வந்ததா என்ற கேள்விக்கு மட்டும் எல்லோரும் ஒரே பதில் சொன்னார்கள்.

“சத்தமே கெடையாது சார். அது பாட்டுக்குப் போய்க்கினு இருந்துச்சி.”

நைனாவும் அதையே சொன்னார். அம்மாவும் சொன்னாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“சத்தம் வந்துச்சே! அம்மாதானே மிக்ஸி மாதிரின்னு சொல்லிச்சி?”

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். முதலாளி சிரித்துக்கொண்டே நைனாவைப் பார்த்தார். “இன்னாய்யா, பாப்பாவுக்குக் கேட்டுது, உனக்குக் கேக்கலியா?”

அதே கொட்டகையில் வேலை பார்த்த பெரியப்பாவை அதற்கு முந்தைய வருஷம்தான் முதலாளி நிறுத்தியிருந்தார். நூல் அறுந்தால் தறியின் சத்தம் மாறும். காது மந்தமானவனுக்கு அது தெரியாது, துணி பாழ் என்பது அவர் நியாயம். எனக்குத் தெரிந்ததெல்லாம் பெரியப்பா வீட்டில் சும்மா இருக்கிறார் என்பதுதான். அம்மா எப்போதும் நைனாவின் தோளைத் தொட்டுவிட்டுத்தான் பேசுவாள். அதைப் பாசம் என்று நினைத்திருந்தேன். பாசம் இல்லை என்றும் இப்போது சொல்ல மாட்டேன்.

அதிகாரி எழுந்து, காலாற நடப்பவர்போல நைனாவின் முதுகுப்பக்கம் போனார். “டீ தாகாரா?” என்று தாழ்ந்த குரலில் தெலுங்கில் கேட்டார். நைனா மலையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு பெரிய மனிதர் டீ குடித்தீர்களா என்று கேட்க, இவர் இப்படி நிற்கிறாரே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. அம்மா ஓடிப்போய்த் தோளைத் தொட்டாள். “டீ குடிச்சியான்னு சார் கேக்கறாரு.”

“ஆச்சு சார், ஆச்சு,” என்று நைனா அவசரமாகத் திரும்பிக் கும்பிட்டார்.

அதிகாரி அம்மாவைப் பார்த்தார். அம்மா நைனாவின் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. அவர் முதலாளியிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். முதலாளி உள்ளே போனதும் என் எதிரே குந்தினார்.

“நீக்கு வினபடிந்தா, பாப்பா? உனக்குக் கேட்டுதா? எப்படிக் கேட்டுது? செஞ்சி காட்டு.”

நான் முனகிக் காட்டினேன். அவரும் முனகினார். “இன்னும் சன்னமா” என்று திருத்தினேன். சரியாக வரும்வரை முனகினோம். இளைஞர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

தண்ணீரோடு முதலாளி வந்தார். “பாப்பா இன்னா சார் சொல்லுது?”

“சின்னப் பிள்ளைங்க கற்பனை. பெரியவங்க எல்லாரும் சொல்றதுதான் சரி. சத்தம் இல்ல” என்றார் அதிகாரி, தெரு முழுக்கக் கேட்கும்படி.

எனக்கு அழுகை வந்துவிட்டது. என் எதிரிலேயே எழுதவைத்துவிட்டு, என் எதிரிலேயே இல்லை என்கிறாரே! அவ்வளவு பெரிய தொப்பி போட்டவர் பொய் சொல்லலாமா என்று அம்மாவின் புடவையில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அம்மா கிள்ளிய இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். உள்ளே தறிகள் ஓட ஆரம்பித்தன. நைனாவும் தன் தறிக்குப் போய்விட்டார்.

ஜீப் தெருமுனை திரும்பியது. திருப்பதி மலைக்கு நடந்து போகிறவர்களைப் பார்த்துக் கும்பிடுவதுபோல, அம்மா அந்தப் புழுதியைப் பார்த்துக் கைகூப்பினாள். அந்தப் பொய்க்காரரைப் போய் ஏன் கும்பிடுகிறாள் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.