வயிற்றின் மேல் வைத்த போன்

"…அவிய சத்தத்தப் பிள்ளை கேக்கட்டும்னுதான்க்கா வச்சேன். வேற எதுக்கு வச்சேன், சொல்லு," என்றாள் என் தங்கை. அவள் கையில் போன் அடித்துக்கொண்டிருந்தது. எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது.

கூப்பிட்டது அவள் வீட்டுக்காரர். சரக்குக் கப்பலில் வேலை. எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்கு ஆம்பிளை என்றால் போனில் வரும் குரல்தான். இவள் உண்டாகியிருந்தபோது, கப்பல் ஏதாவது துறைமுகத்தைத் தொட்டால்தான் அவருக்கு சிக்னல் கிடைக்கும். கிடைத்ததும் கூப்பிடுவார். இவள் போனை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு படுத்துவிடுவாள். "ஏலே, அப்பா பேசுதேன்" என்று ஆரம்பித்து, கடலில் கண்டது, சமையல்காரன் குழம்பைத் தீய விட்டது எல்லாவற்றையும் பிள்ளைக்குச் சொல்லுவார் அவர். பேசி முடித்த பிறகும் போன் அங்கேயே இருக்கும், அப்படியே தூங்கிப்போவாள். எதிர்வீட்டு மதினி அதைப் பார்த்துவிட்டு, "உள்ள இருக்கவனுக்கு இப்பவே சிம் வாங்கிக் குடுத்துட்டியாளா?" என்று கேட்டது தெரு முழுக்கச் சுற்றிவந்தது. நாங்களும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

பையனுக்கு நாலு வயது ஆகப்போகிறது. இன்னும் ஒரு வார்த்தை வரவில்லை. காதெல்லாம் நன்றாகத்தான் கேட்கிறது. கூப்பிட்டால் முகத்தைப் பார்க்க மாட்டான்.

அதே மதினிதான் சொன்னாள்: "வயித்து மேலயே போன வச்சிருந்தா அதுல வார கதிர்வீச்சு பிள்ளை மூளைக்குப் போவாம வேற எங்க போவும்?" கெட்ட மனசில் சொல்லவில்லை. எங்களுக்கு முருங்கைக்கீரை ஆய்ந்து கொடுத்துக்கொண்டேதான் சொன்னாள்.

பாளையங்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். டாக்டரம்மா பையனோடு தரையில் உட்கார்ந்து வெகுநேரம் விளையாடிப் பார்த்தார். தங்கை போன் விஷயத்தைக் கேட்டாள். "அதனாலதான் இப்படி ஆச்சுன்னு சொல்ல ஒரு ஆதாரமும் இல்லம்மா. ஆராய்ச்சி பண்ணிட்டுத்தான் இருக்காங்க, உறுதியா எதுவும் தெரியல. நீங்க உங்க மேல பழி போட்டுக்காதீங்க. பிள்ளைகிட்ட நிறையப் பேசுங்க, அவங்க அப்பாவையும் பேசச் சொல்லுங்க," என்றார். என் காதில் ‘ஆதாரம் இல்லை’ என்பது விழுந்தது. அவள் காதில் ‘உறுதியா தெரியல’ என்பது மட்டும் விழுந்தது. பஸ்ஸில் வரும்போது முழுக்க அதையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

அதன் பிறகு அவள் வீட்டில் போன் அடுப்படியைத் தாண்டி உள்ளே வருவதில்லை. பக்கத்து வீட்டு வைஃபை பெட்டி அந்தச் சுவரில் இருக்கிறது என்று பையனின் பாயை இந்தப் பக்கம் மாற்றிப்போட்டாள். வீட்டுக்காரர் கூப்பிட்டால் மொட்டைமாடிக்கு ஏறிப்போய்ப் பேசுவாள். பிள்ளை எங்கே என்றால் தூங்குகிறான் என்பாள். பேச்சு வராதது அவருக்குத் தெரியும். போனை வயிற்றில் வைத்ததால் என்று இவள் நினைப்பது தெரியாது. தெரிந்தால் தன் குரல்தான் பிள்ளையைக் கெடுத்தது என்று அந்த மனுசன் நடுக்கடலில் உட்கார்ந்து நினைப்பாரே என்று இவளுக்குப் பயம்.

"எத்தன மாசமாளா பிள்ளைய அவருக்குக் காட்டாம இருப்ப? டாக்டரம்மாவே பேசச் சொல்லியாச்சு," என்று நான் கேட்டதற்குத்தான் அன்று, பிள்ளை கேக்கட்டும்னுதான் வச்சேன் என்று சொன்னாள்.

போன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை எடுத்தாள்.

"தூங்குதான்னு மட்டும் சொல்லாத," என்றார் அவர். எனக்கே கேட்டது. "தூங்கினாலும் பரவால்ல. அவன் காதுகிட்ட கொண்டுபோயி வையி. நான் பேசிக்கிடுதேன்."

தங்கை ஸ்பீக்கரைப் போட்டு, சத்தத்தை முழுக்கக் கூட்டி, போனைத் தெரு ஜன்னலின் வெளிவிளிம்பில் வைத்தாள். அறையின் அந்தக் கோடியில் துணிக் கிளிப்புகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்த பையனிடம் போய், அவனை மடியில் தூக்கி வைத்து, ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். "ஏலே மக்கா," என்று குரல் வந்தது. இரண்டு உள்ளங்கைகளாலும் அவன் தலையைப் பொத்திக்கொண்டாள், காதுகளை மட்டும் விட்டுவிட்டு.