நான் அனுப்பிய வைரஸ் எச்சரிக்கை

‘காலை வணக்கம் சொல்லும் சாமி படங்களில் வைரஸ் இருக்கிறது. போனில் உள்ள எல்லாப் படங்களையும் உடனே அழியுங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் வந்தது. நம்பி, என் போனில் இருந்ததை எல்லாம் அழித்தேன். அந்தச் செய்தியைச் சொந்தக்காரர்களுக்கும் அனுப்பினேன். அது புரளி என்று பிறகுதான் தெரிந்தது.

மறுவாரம் என் நாத்தனார் வந்தாள். தேர்வாய் கண்டிகை சிப்காட்டுக்கு வேலைக்குப் போன மகனை வழியில் விபத்தில் பறிகொடுத்தவள்.

“நீ சொன்னியேன்னு எல்லாத்தையும் அழிச்சிட்டேன் அண்ணி. ஊட்டு செவுத்துல மாட்டிகிறது கம்பெனி ஐடி கார்டு போட்டோ. அதுல புள்ள சிரிக்கவே மாட்டான். சிரிக்கிற படம் ஒண்ணாவது உன் போன்ல இருக்குதா?”

“நானும் அழிச்சிட்டேம்மா” என்றேன்.

“பரவால்ல அண்ணி. நல்லதுன்னுதானே அனுப்ன” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சாமியிடம் நான் மன்னிப்புக் கேட்பதில்லை. அவள் கனவிலாவது அந்தப் பிள்ளை சிரிக்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.