கிண்டியில் இறங்கிய பை

கறுப்புக் கோட்டு போட்டவர்கள் எல்லோரும் நீதிபதிகள் என்று நான் நெடுநாள் நம்பியிருந்தேன். சினிமாவில் அப்படித்தானே வருகிறார்கள்? பாண்டிச்சேரியில் இருந்தவரைக்கும் இந்த நம்பிக்கையால் யாருக்கும் கெடுதல் இல்லை. மெட்ராஸ் சுற்றிப்பார்க்கப் போன அன்றுதான் வந்தது வினை.

கூட்டிப்போனவர் மாமா, அம்மாவின் தம்பி. தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் வேலை. மெட்ராஸைத் தானே கட்டிமுடித்த மாதிரி பேசுவார். கூட அத்தையும் வந்தார்.

பஸ் ஊர் எல்லையான கோரிமேட்டை நெருங்கியபோது மாமா தன் பையை எடுத்து என் மடியில் வைத்தார். அங்கே போலீஸ் ஏறி, ஊரைவிட்டு வெளியே போகக்கூடாத பாட்டில் ஏதும் இருக்கிறதா என்று பைகளைத் தடவிப் பார்ப்பார்கள். பிள்ளைகள் மடியில் இருப்பதைத் தொட மாட்டார்கள் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. அத்தை ஜன்னலில் தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். பைக்குள் கெட்டியாக ஒன்று என் வயிற்றில் இடித்தது.

"மாப்ள, ஆடாம குந்து. மாட்டுனா மாமாவுக்கு ஜெயில்தான்" என்று காதோரம் சொன்னார் மாமா.

அவர் விளையாட்டாகச் சொன்னார். கேட்டவனுக்கு அது விளையாட்டில்லை. போலீஸ்காரர் என் கன்னத்தைத் தட்டிவிட்டு இறங்கிப் போனார். எனக்குத் திண்டிவனத்தில்தான் மூச்சு வந்தது.

தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயில் ஏறினோம். பை இன்னும் என் மடியில்தான்.

"அதோ பாருடா, ஏரோப்ளேன் எறங்குது! மொதல்ல எழும்பூர்ல செத்த காலேஜு, அப்பறம் பீச்சு" என்றார் மாமா. மியூசியத்தை அப்போது அப்படித்தான் சொல்வார்கள். ஏரோப்ளேனை நான் பார்க்கவில்லை. பரங்கிமலையில் பெட்டியின் அந்தக் கோடியில் ஒரு கறுப்புக் கோட்டு ஏறியிருந்தது. ஒவ்வொருவரிடமும் கையை நீட்டுகிறது. அவரவர் பயந்துகொண்டு எதையோ எடுத்துக் காட்டுகிறார்கள். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எங்களூர் சின்ன ஊர், போலீஸை ஏற்றுகிறார்கள். மெட்ராஸ் பெரிய ஊர், நேராக நீதிபதியையே ஏற்றிவிடுகிறார்கள். விசாரணை, தீர்ப்பு எல்லாம் ரயிலிலேயே முடிந்து, அடுத்த ஸ்டேஷனில் மாமா ஜெயிலுக்கு.

கிண்டியில் ரயில் நின்றது. கறுப்புக் கோட்டு எங்கள் இருக்கையை நெருங்கிவிட்டது. மாமா அத்தைக்கு வெளியே எதையோ காட்டிக்கொண்டிருந்தார். நான் பையை மார்போடு அணைத்துக்கொண்டு குதித்தேன். ரயில் போய்விட்டது.

தடயத்தை அழிக்க வேண்டுமே! பிளாட்பாரக் குழாயடிக்கு ஓடி, மூடியைத் திருகி, பாட்டிலைக் கவிழ்த்தேன். தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் மோப்பம் பிடித்துத் திரும்பினார்.

"டேய், டேய்! இன்னாடா பண்ற? பாவி, அத்த இப்பிடி குடுடா!"

அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது. நான் கடைசிச் சொட்டுவரை ஊற்றி, பாட்டிலைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, குடும்ப மானத்தைக் காப்பாற்றியவன் தோரணையில் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான், ஊருக்குத் திரும்பிப்போக எனக்கு வழி தெரியாது என்பது உறைத்தது. அழுதேன். சத்தமாகவே அழுதேன்.

எதிர்ப்பக்க ரயிலில் இருவரும் வந்து இறங்கினார்கள். அத்தை என்னைக் கட்டிக்கொண்டு முதுகில் ஒன்று வைத்தார். "எங்கடா போன? உசுரே போயிடுச்சு!"

மாமா என்னைப் பார்ப்பதற்கு முன்னால் பையைத் திறந்து பார்த்தார். "எங்கடா அது?"

"எதுங்க?" என்றார் அத்தை.

மாமா பைக்குள் மறுபடி கையை விட்டுத் துழாவினார். "டிக்கெட்டு."

"உங்க சட்டப் பாக்கெட்லயே தெரியுதே மாமா" என்றேன் நான்.

மியூசியத்தில் திமிங்கில எலும்புக்கூட்டின் முன்னால் மாமா வெகுநேரம் நின்றார். அன்று முழுக்க என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. ஜெயிலிலிருந்து காப்பாற்றிய நன்றி என்று எடுத்துக்கொண்டேன். இனிக் குடியைத் தொடுவதில்லை என்று அவர் அத்தையின் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்ததும், பீச்சில் ஒரு சிநேகிதர் காத்திருந்ததும் எனக்கு மீசை முளைத்த பிறகுதான் தெரியவந்தன.

நான் கிண்டியில் குதித்த பிறகு, அந்த ரயிலில் நடந்தது இவ்வளவுதான்: கறுப்புக் கோட்டுக்காரர் மாமாவிடம் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். அடுத்த இருக்கைக்குப் போய்விட்டார்.