சுமிதேரோப் பள்ளத்தாக்கில் நேசன் அண்ணையின் தொப்பி

மார்ச் மாதத்து வியாழக்கிழமை, காலை ஐந்து மணி. ரொறன்ரோவுக்கு வடக்கே யூனியன்வில்லில் என் வீட்டு வாசலில் கார் வந்து நின்றபோது வெளியே மைனஸ் ஒன்பது பாகை. முன் இருக்கையில் நேசன் அண்ணை இருந்தார். மடியில் ஒரு கமராப் பை, காலடியில் இன்னொரு கமராப் பை. காரை ஓட்டி வந்தவள் அவருடைய மகள் ஆரணி.

"தவம் அங்கிள், அப்பா ஒரு ஸ்வெட்டர்தான் பக் பண்ணியிருக்கிறார். பட் லென்ஸ் மட்டும் நாலு," என்று முறைப்பாடு சொன்னாள்.

"நாங்கள் போறது சூடான இடம் பிள்ளை," என்றார் அவர். நாங்கள் போகவிருந்த ஊர்களில் ஒன்று கடல்மட்டத்திலிருந்து 2,100 மீற்றர் உயரத்தில் இருக்கிறது என்பதை அவர் வாசிக்கவில்லை. நான் வாசித்திருந்தேன். ஆனால் அந்த நேரத்தில் வாக்குவாதம் செய்ய எனக்குத் தெம்பில்லை.

எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில் தொடங்கி ஏறக்குறைய இருபத்தைந்து வருடம், ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரிலும் நடந்த தமிழ்க் கலியாணங்களை நானும் நேசன் அண்ணையும் சேர்ந்து எடுத்தோம். அவர் படம், நான் வீடியோ. டோர்செட் பார்க்கில் பதினோராம் மாடியில் இருந்த அவருடைய அபார்ட்மென்ற்தான் எங்கள் ஸ்ரூடியோ. பிரிட்ஜைத் திறந்தால் கறிச்சட்டிக்குப் பக்கத்தில் பிலிம் சுருள்கள் கிடக்கும். சனிக்கிழமை விடிய எழும்பி பழைய வான் வண்டியில் சாமான்களை ஏற்றுவோம். பனியில் வான் ஸ்டார்ட் ஆகாத ஒரு நாள் மாப்பிள்ளையின் தம்பிமார் கோட்டு சூட்டோடு வந்து தள்ளினார்கள். அவ்வளவு களைப்பாகவும் அவ்வளவு சந்தோசமாகவும் அதன்பிறகு நான் இருந்ததில்லை.

தொழிலில் எங்களுக்கென்று சில பழக்கங்கள் இருந்தன. எடுத்ததெல்லாம் ஒரே பைக்குள் போகும். இடையிடையே நானும் படம் எடுப்பேன், எது யார் எடுத்தது என்று பெயர் எழுதுவதில்லை. சாப்பிடுகிறவரின் திறந்த வாயை எடுப்பதில்லை. கன்னிகாதானத்தில் தகப்பன் மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் கொடுக்கும்போது, அவருடைய கை நடுங்கினால் கமராவை மணமகளின் முகத்துக்குத் திருப்பிவிட வேண்டும். "பாவம், நாளைக்கு அந்தாள் அதைப் பாத்து வெக்கப்படக் கூடாது," என்பார் அண்ணை.

இப்போது நடுங்குவது அவருடைய கை. இரண்டு வருடமாக மருந்து எடுக்கிறார். ஓகஸ்டில் ஆரணிக்குக் கலியாணம். அவளுடைய தாலிகட்டைத் தானே எடுப்பேன் என்று அவள் தொட்டிலில் கிடந்த காலத்திலிருந்து சொல்லி வருகிறவர். இன்றைய கமராக்கள் சின்ன நடுக்கத்தைச் சமாளிக்கும். ஆனால் ஆளைப் படச் சட்டத்துக்குள் பிடித்து, சரியான கணத்தில் விரலை அழுத்துவதை எந்தக் கமராவும் செய்து தராது. தாலி ஏறுவது இரண்டு விநாடி. இன்னொரு தரம் கட்டுங்கள் என்று கேட்க முடியாது. ஆகவே அவர் தனக்குத் தானே ஒரு சோதனை வைத்துக்கொண்டார். ஆரணிக்கும் அது தெரியும்.

"பறக்கிற சீவன் ஒண்டு. ட்ரைபொட் இல்லை. சரியான நேரத்தில ஒரு படம், ஒண்டு காணும். அது சரிவந்தால் ஆரணியின்ர கலியாணத்தை நான்தான் எடுப்பன். இல்லையெண்டால் கமராவை ஆருக்கும் குடுத்துப்போடுவன்."

மணப்பெண் இல்லாத படம் எடுக்க எங்கேயாவது போக வேண்டும் என்று வான் வண்டிக்குள் இருந்து நாங்கள் கதைத்த பழைய கதை, இப்படித்தான் தெற்கு மெக்சிக்கோவில் வந்து நின்றது.

ரொறன்ரோவிலிருந்து மெக்சிக்கோ நகரம் ஐந்து மணித்தியாலம். அங்கே விமானம் மாறி சியாபாஸ் மாநிலத்தின் தலைநகரான துஸ்த்லாவுக்கு இன்னும் ஒன்றரை மணித்தியாலம். பிற்பகல் மூன்று மணிக்கு விமான நிலையக் கதவு திறந்ததும் முப்பத்துநாலு பாகை வெயில் முகத்தில் அடித்தது. ரக்சி பிடித்து, 450 பீசோ கொடுத்து, ஆற்றங்கரை ஊரான சியாபா தெ கோர்சோவுக்கு அரை மணித்தியாலத்தில் போய்ச் சேர்ந்தோம்.

ஊர் நடுவில் பெரிய சதுக்கம். செங்கல்லால் கட்டிய நூற்றாண்டுகள் பழைய நீரூற்று மண்டபம், அதற்கருகே கிளை விரித்த ஒரு பெரிய இலவமரம். மரநிழலில் ஒரு பெண் பொசோல் விற்றுக்கொண்டிருந்தார். சோளமாவும் கொக்கோவும் கரைத்த குளிர்ந்த பானம் அது, சுரைக்குடுவையில் தருகிறார்கள். விலை 25 பீசோ. அண்ணை கையை நீட்டியதும் அந்தப் பெண் ஒரு கணம் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு குடுவையில் அரைவாசி மட்டும் ஊற்றிக் கொடுத்தார். அது முடிந்ததும் மீதி அரைவாசியை ஊற்றினார். அண்ணை அந்தப் பெண்ணைப் படம் எடுக்கலாமா என்று சைகையில் கேட்டார், அவர் சிரித்துத் தலையாட்டினார். அண்ணை ஆறு படம் எடுத்தார். ஆறிலும் அந்தச் சிரிப்பு கைநடுக்கத்தில் கலங்கி இருந்தது.

பக்கத்துக் கடையில் 120 பீசோவுக்கு ஒரு வைக்கோல் தொப்பி வாங்கினார். அகன்ற விளிம்பு, சுற்றிவரச் சிவப்பு நாடா. அதைப் போட்டுக்கொண்டு நடந்தபோது கலியாண வீட்டில் பந்தல் போட வந்த ஆள் மாதிரி இருந்தார். சொன்னேன், சிரித்தார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி. படகுத்துறையில் ஆளுக்கு 350 பீசோ. சுமிதேரோப் பள்ளத்தாக்கினூடாக ஏறக்குறைய முப்பத்தைந்து கிலோமீற்றர் ஆற்றில் போய், அணைக்கட்டைத் தொட்டுத் திரும்பும் பயணம். படகோட்டியின் பெயர் ராமிரோ. கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். அண்ணை படகின் ஓரத்தில், நான் அவருக்கு நேர் பின்னால்.

முதல் அரை மணித்தியாலம் ஆறு அகலமாகப் போகிறது. பிறகு இரண்டு பக்கமும் பாறைச் சுவர் எழும்பத் தொடங்குகிறது. சில இடங்களில் ஒரு கிலோமீற்றர் உயரம். அண்ணாந்து பார்த்தால் வானம் ஒரு சேலைக்கரை அகலத்துக்குத்தான் தெரிகிறது. சேற்றுக்கரையில் முதலையொன்று வாயைத் திறந்தபடி படுத்திருந்தது.

"சாப்பிடுற வாய் அண்ணை, எடுக்கக் கூடாது," என்றேன்.

"அது இன்னும் சாப்பிடேல்லத்தானே," என்று இரண்டு படம் தட்டினார்.

மரக்கிளைகளில் சிலந்திக் குரங்குகள் வாலால் தொங்கின. சுவரொன்றில் பாசி படிந்து படிந்து, பச்சை அடுக்குகளாக ஒரு பெரிய கிறிஸ்மஸ் மரம் போல நிற்கிறது. வெளியூர்க்காரர் எல்லோரும் கைபேசியைத் தூக்கினார்கள். அண்ணை தூக்கவில்லை. அவருடைய கண் கரையில் நின்ற ஒரு சாம்பல் நிற நாரையில் இருந்தது.

ராமிரோ அதைக் கவனித்தார். இயந்திரத்தை நிறுத்தினார். "பாஸ், பொறுமை. அது மீன் பிடிக்கும்," என்றார். படகு மெதுவாக மிதந்தது. நாரை அசையாமல் நின்றது. அண்ணை கமராவைத் தூக்கினார், இடது முழங்கையை விலாவோடு ஒட்டினார், மூச்சை அடக்கினார். எத்தனை மண்டபங்களில் அந்த நிலையில் அவரைப் பார்த்திருக்கிறேன். அதே முதுகு, அதே சாய்ந்த தலை. கெட்டிமேளம் கேட்கப் போகிறது என்று காத்திருப்பது போல நானும் என் கமராவைத் தூக்கினேன். பழக்க தோசம்.

நாரை கொத்தியது. மீனோடு எழும்பிச் சிறகை விரித்தது. இரண்டு விநாடி. அவருடைய விரல் முந்தியே அழுத்திவிட்டது என்பது சத்தத்திலேயே எனக்குத் தெரிந்தது.

மாலையில் விடுதி அறையில் இரண்டு கமராவின் கார்டுகளையும் என் மடிக்கணினியில் போட்டேன். வழக்கம்போல எல்லாம் ஒரே கோப்புக்குள். அவர் குளித்துக்கொண்டிருந்தார். அவருடைய படங்களில் நாரையின் கால் இருந்தது, வெறும் தண்ணீர் இருந்தது, கலங்கிய சாம்பல் நிறம் இருந்தது. என்னுடையதில் ஒன்று நன்றாக வந்திருந்தது. அலகில் மீன், சிறகிலிருந்து தெறிக்கும் துளிகள், எல்லாம் கூர்மை. அவர் துவாயோடு வந்து, "என்ன மாதிரி?" என்று கேட்டபோது அந்தப் படம் திரையில் இருந்தது.

"பாருங்கோ அண்ணை. பிடிச்சிட்டியள்," என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது. அவர் கண்ணாடி இல்லாமல் திரையை உற்றுப் பார்த்தார். பிறகு கட்டிலில் இருந்தார். உடனே ஆரணிக்குப் போன் எடுத்தார்.

"பிள்ளை, நாரைப் படம் சரியா வந்திட்டுது. உன்ர கலியாணத்துக்கு வேற ஒருத்தரும் வேண்டாம். அப்பாதான்."

அவள் அங்கே சந்தோசத்தில் கத்தியது இங்கே எனக்குக் கேட்டது. நான் மடிக்கணினியை மூடிவைத்தேன்.

சனிக்கிழமை காலை ஏழரை. காலைச் சாப்பாட்டு மேசையில் அவர் எனக்கு முந்தியே இருந்தார். கண்ணாடி போட்டிருந்தார். முன்னால் என் மடிக்கணினி.

"தவம், உந்த மூலையில கிடக்கிறது என்ன?"

படத்தின் இடது கீழ்மூலையில் மங்கலாக மண்ணிறத்தில் ஏதோ வளைந்து கிடந்தது. "பாறையாக்கும்," என்றேன்.

"பாறைக்குச் சிவப்பு நாடா கட்டினது ஆர்?"

தொப்பி பக்கத்துக் கதிரையில் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். எத்தனை கலியாண வீடியோக்களில் குறுக்கே வந்த தலைகளை வெட்டியெறிந்தவன் நான். படகில் எனக்கு முன்னால் இருந்த இந்தத் தொப்பியை மட்டும் கவனிக்கவில்லை.

"நீங்கள் சந்தோசப்படுவியள் எண்டு…"

"சந்தோசம் ஆர் கேட்டது? நீ நேற்றே சொல்லியிருந்தால் நேற்றே அழுது முடிச்சிருப்பன். இப்ப அந்தப் பிள்ளைக்கு வேற சொல்லிப்போட்டன்."

மன்னிப்புக் கேட்டேன். அவர் தொப்பியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு எழும்பினார். அன்றே சான் கிறிஸ்தோபல் ஊருக்குப் புறப்பட்டோம்; ஐம்பத்தைந்து கிலோமீற்றர் மலைப்பாதை, பகிர்ந்து போகும் வான் வண்டியில் ஆளுக்கு 80 பீசோ. ஒரு மணித்தியாலமும் அவர் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தார். வெளியே பைன் காடு, முகில், சோளத் தோட்டம், பூப்போட்ட சால்வை போர்த்த பெண்கள். கமராவை அவர் பையிலிருந்து எடுக்கவேயில்லை. மலையூரில் வண்டியை விட்டு இறங்கியதும் குளிர் பிடித்தது. என் இரண்டாவது ஸ்வெட்டரை நீட்டினேன். வாங்கிப் போட்டுக்கொண்டார். அதைச் சமாதானம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, பத்துக் கிலோமீற்றர் தள்ளியிருக்கும் சான் ஹுவான் சமூலா கிராமத்துக்குப் போனோம். அங்கே வெள்ளைத் தேவாலயம் ஒன்று இருக்கிறது. நுழைவு 30 பீசோ. உள்ளே படம் எடுப்பதற்கு அனுமதி இல்லை. வாசலில் நின்றவர் எங்கள் பைகளைக் காட்டி விரலை ஆட்டினார். அண்ணை ஜிப்பை இழுத்து மூடினார்.

உள்ளே உட்கார வாங்குகள் இல்லை. தரை முழுவதும் பச்சைப் பைன் ஊசிகள். குடும்பம் குடும்பமாகத் தரையில் இருந்து, மெல்லிய மெழுகுதிரிகளை வரிசையாக ஒட்டிக் கொளுத்துகிறார்கள். சாம்பிராணி மாதிரி ஒரு புகை. எங்களுக்குப் பக்கத்தில் ஒரு தகப்பனும் தாயும் ஒரு பெண்பிள்ளையும். அந்த மனிதர் ஒவ்வொரு திரியாகக் கொளுத்தி, வாய்க்குள் மந்திரம் போல ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். இடையில் குரல் உடைந்தது, நிறுத்தினார், மறுபடி தொடங்கினார். என் கை தானாகக் கமராவைத் தேடியது. அண்ணையின் கைகள் முன்னால் தொங்கின, வலக்கை நடுங்கிக்கொண்டிருந்தது. அதை அவர் காற்சட்டைப் பைக்குள் ஒளிக்கவில்லை. முக்கால் மணித்தியாலம் அப்படியே நின்று பார்த்தார்.

வெளியே வந்து சுட்ட சோளம் வாங்கிச் சதுக்கத்து ஓரத்தில் இருந்தோம்.

"தவம், நாங்கள் எத்தினை தாலிகட்டு எடுத்திருப்பம்?"

"எண்ணேல்லை அண்ணை."

"ஒண்டையும் நான் பாக்கேல்ல," என்றார். "எடுத்திருக்கிறன். பாக்கேல்ல."

கமராவை என்ன செய்யப் போகிறார் என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

திங்கட்கிழமை மாலை ஏழு மணிக்கு ரொறன்ரோவில் இறங்கினோம். வெளியே ஈரப்பனி. வருகை வாசலில் ஆரணி நின்றாள். தகப்பனின் தொப்பியைப் பார்த்துச் சிரித்தாள்.

"சோ அப்பா, போட்டோகிராபர் செற். வேற ஆரையும் புக் பண்ணத் தேவையில்லை, ரைட்?"

"நான் எடுக்கேல்ல பிள்ளை. அந்த நாரைப் படம் தவத்தின்ர."

"வாட்? போனில நீங்கள்தானே சொன்னீங்கள்…"

"போனில சொன்னது பிழை. தவம் எடுக்கட்டும். எனக்கு அண்டைக்கு வேற வேலை இருக்கு." அவர் பெட்டியைக் கீழே வைத்தார். "உன்ர கையைப் பிடிச்சு மாப்பிள்ளையின்ர கையில குடுக்க வேணும். இவ்வளவு கலியாணம் எடுத்தும், பொம்பிளையின்ர தகப்பன் மணவறையில நிக்கவேணும், கமராவோட கீழ நிக்க ஏலாது எண்டது எனக்கு நேற்றுத்தான் விளங்கினது. மொக்கன் நான்."

ஆரணியின் கண் அவர் கையில் போய் நின்றது. அவர் அதைக் கண்டுகொண்டார்.

"அந்த நேரத்தில எல்லாத் தகப்பன்மாருக்கும் நடுங்கும். தவத்தைக் கேட்டுப் பார்."

"ஓம் பிள்ளை," என்றேன். "நான் பாத்த அளவில ஒருத்தரும் தப்பினதில்லை."

அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு கார் தரிப்பிடத்துக்கு நடந்தாள். நான் நாலு லென்சையும் சுமந்துகொண்டு பின்னால் போனேன். 401 நெடுஞ்சாலையில் வழக்கமான நெரிசல். சியாபாஸில் அந்தப் பொசோல்காரப் பெண் இந்நேரம் கடையை மூடியிருப்பார், ராமிரோ படகைக் கட்டியிருப்பார் என்று நினைத்தேன். பிறகு என் வீட்டு நிலக்கீழ் அறையில் பெட்டி பெட்டியாக இருக்கும் பழைய கலியாண வீடியோ நாடாக்களை நினைத்தேன். அந்த மண்டபங்கள் சில இப்போது இல்லை. அந்தத் தகப்பன்மார் சிலரும் இல்லை. கன்னிகாதானம் வரும் இடத்தில் எல்லா நாடாவிலும் மணமகளின் முகம்தான் இருக்கும். அவளைப் பிடித்திருந்த கை ஒன்றிலும் இருக்காது. அவர்கள் வெட்கப்படக் கூடாது என்று நாங்கள் விட்டுவிட்டது எதை என்று இத்தனை வருடம் கழித்து எனக்குத் தெரிகிறது.

ஓகஸ்டில் நேசன் அண்ணையின் கை நடுங்கும்போது நான் கமராவைத் திருப்பப் போவதில்லை.