வானம் இல்லாத சாத்திரம்

பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கூடிப் பேசிய பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்து முதலாளிகள்மீது எனக்குப் பெரிய பைத்தியம். மட்பாண்ட ஆலைக்காரர், இயந்திரம் செய்தவர், வைத்தியர் என்று ஒரு கூட்டம். தெருவிளக்கில்லாத பாதையில் வீடு திரும்ப நிலவு வேண்டுமென்றுதான் அந்த நாட்களைத் தெரிந்தெடுத்தார்கள். மங்கலான நட்சத்திரங்களைப் பார்க்க அதைவிட மோசமான நாள் கிடையாது. ஆனாலும் வானத்தை விடவில்லை. 'இதால் என்ன பிரயோசனம்' என்று அந்தப் பணக்காரர்களை யார் கேட்டிருப்பார்கள்? இன்சூரன்ஸ் கொம்பனி வேலை முடித்து, ஸ்கார்பரோவில் என் வீட்டுப் பல்கனியில் தொலைநோக்கியோடு நிற்கும் என்னைத்தான் கேட்காத ஆள் இல்லை.

பக்கத்து மல்வேர்னில் எங்கள் ஆட்களின் முதியோர் சங்கம் ஒன்று அவர்களைப் பற்றிப் பேசக் கூப்பிட்டது. 'நிலவில் வானசாத்திரம் பார்த்த முதலாளிகள்' என்று தலைப்புக் கொடுத்தேன். போய் இறங்கினால் மண்டபத்தில் இருக்க இடமில்லை. முன்வரிசையில் எல்லோர் மடியிலும் மஞ்சள் பூசிய சாதகம். சுவரில் போஸ்டர்: 'நிலவில் சாத்திரம் பார்த்த முதலாளிகள்'. எங்கள் பேச்சில் சாத்திரம் என்றால் சோதிடம்தான்.

“போஸ்டரில இடம் காணேல்லை, பிள்ளை. ஒரு சொல்லைத்தானே எடுத்தனான்,” என்றார் சங்கத் தலைவர். வானத்தையே எடுத்துவிட்டு ஒரு சொல்லாம்! வந்த சனத்துக்கு இரண்டு ராசிபலனும் சொல்லிவிடச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பேசி முடித்தேன். அந்த மட்பாண்டக்காரர் என்ன ராசி என்று ஒருவர் கேட்டார். ரோல்சும் தேத்தண்ணியும் முடிந்ததும் பாதிப்பேர் போய்விட்டார்கள்.

ஒரு அன்ரி மட்டும் சாதகத்தோடு என்னிடம் வந்தார். அவருடைய மகளும் கொஞ்சம் தள்ளி அஜக்ஸில் இருக்கும் ஒரு பொடியனும் யூனிவேசிற்றியில் படித்த காலத்திலிருந்தே விரும்புகிறார்களாம். மகளுக்குச் செவ்வாய் எட்டில் நிற்கிறதாம். கட்டினால் தன் பிள்ளையின் உயிருக்கு ஆபத்தென்று பொடியனின் தாய் மறுக்கிறாராம். பொடியனும் தாயை மீற மாட்டானாம்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. செவ்வாய் வெறும் கல்லும் தூசியும், அதற்கு மல்வேர்னையும் தெரியாது அஜக்ஸையும் தெரியாது என்று பொரிந்து தள்ளினேன்.

“அப்ப என்ர பிள்ளையில ஒரு குறையும் இல்லையோ?”

“ஒண்டும் இல்லை, அன்ரி.”

அவர் அழுதுவிட்டார். இத்தனை நாளில் யாருமே இதை அவருக்குச் சொல்லவில்லை என்பது இன்னும் ஆத்திரமாக இருந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதை அந்தத் தாய்க்கும் சொல்லச் சொல்லி, போனில் நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரையும் போட்டு என் கையில் தந்தார். நான் ஒன்றும் விடாமல் சொன்னேன். மறுமுனையில் பொடியனின் தாய் குறுக்கிடாமல் கேட்டார்.

“நீங்கள் சாத்திரம் பாக்கிற ஆளோ?”

“இல்லை. நான் வானத்தைப் பாக்கிறனான்.”

“அப்ப உங்களுக்கு உது விளங்காது,” என்று வைத்துவிட்டார்.

அன்ரி போனை வாங்கிக் கைப்பைக்குள் வைத்தார். சாதகத்தையும் மடித்து வைத்தார்.

“அவ கேட்டதுக்கு ஓமெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, பிள்ளை,” என்றார்.